இரு பாதி விசைப்பலகையும் இரண்டு கணினிகளும்: கைவலி உள்ளோர்க்கு ஒரு வழிகாட்டி

கை மரத்துப்போதல், மணிக்கட்டு வலி, முன்கை இறுக்கம் ஆகியவற்றுடன் மருத்துவமனைக்கு வருவோரில், கணினியில் நாள் முழுவதும் தட்டச்சு செய்வோர் ஒரு பகுதியினர். கொல்லிமலை நாடுகளிலும் இன்று இத்தகையோர் உள்ளனர். ஊராட்சி அலுவலகம், பள்ளி, இ-சேவை மையம், கூட்டுறவு வங்கி என எங்கும் கணினி வந்துவிட்டது. நகர நிறுவனத்தின் வேலையை மலையிலுள்ள வீட்டிலிருந்தே செய்யும் இளைஞரும் உண்டு. இவர்களுள் சிலர் இரண்டாகப் பிரிந்த விசைப்பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டு, "இதை வாங்கினால் வலி போய்விடுமா? அலுவலகத்தில் ஒரு கணினி, வீட்டில் வேறொரு கணினி. மாறி மாறிப் பழக முடியுமா?" என்று கேட்கின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். உடனிருந்து கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் இதைப் படிக்க வேண்டும். அவர்கள் செய்யவேண்டிய பணியும் இதில் உண்டு.

மணிக்கட்டினுள் நடப்பது என்ன?

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் ஒரு தடித்த தசைநாரும் சேர்ந்து குறுகிய குகை போன்ற வழியை அமைக்கின்றன. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அவ்வழியே உள்ளங்கைக்குச் செல்கின்றன. நாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினாலோ, மணிக்கட்டு நெடுநேரம் வளைந்திருந்தாலோ குகைக்குள் அழுத்தம் கூடுகிறது. நாண்கள் அவ்வழுத்தத்தைத் தாங்கும், நரம்பு தாங்காது. அதனால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரக்கின்றன. இரவில் விழித்தெழுந்து கையை உதறினால் சற்றுக் குறைகிறது. கார்ப்பல் டனல் நோய் என்று மருத்துவர் கூறுவது இதையே.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால், அது பெரும்பாலும் முழங்கையைச் சுற்றிச் செல்லும் அல்நார் நரம்பின் தொல்லையாகும். முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி வேலை செய்வோருக்கும், கையை நெடுநேரம் மடக்கி வைத்திருப்போருக்கும் இது வரலாம்.

வழக்கமான விசைப்பலகை ஒரே பலகையாக, உடலின் நடுவே இருக்கிறது. இரு தோள்களிலிருந்தும் கைகள் சாய்வாக உள்நோக்கி வருகின்றன. விசை வரிசைகளோ நேராக உள்ளன. ஆகவே மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைகிறது. பலருக்கு இவ்வளைவு ஏறத்தாழ 10 முதல் 20 பாகை வரை இருக்கும். மேலும், உள்ளங்கை முழுவதும் தரையை நோக்கும்படி முன்கை திருகியும் நிற்கிறது. விசைப்பலகையின் பின்புறக் கால்களை உயர்த்தி வைத்தால், மணிக்கட்டு மேல்நோக்கியும் மடங்குகிறது.

விசைப்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தோளுக்கு நேரே வைத்தால் பக்கவாட்டு வளைவு குறையும். உட்புற விளிம்பைச் சற்று உயர்த்தினால் முன்கைத் திருகலும் குறையும். இக்கருத்து புதிதன்று. ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் 1926ஆம் ஆண்டிலேயே பிரிந்த விசைப்பலகையை முன்மொழிந்தார். குரோமர் என்னும் ஆய்வாளர் 1972இல் இதை அளந்து ஆராய்ந்தார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1994இல் வெளியிட்ட நேச்சுரல் விசைப்பலகை இவ்வமைப்பைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. இன்று இரு பாதிகளும் முற்றிலும் தனித்தனியாக, ஒரு வடத்தாலோ கம்பியில்லா முறையிலோ இணைக்கப்பட்டுக் கிடைக்கின்றன. ஒவ்வொரு விசையும் என்ன செய்யவேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரே மாற்றியமைக்கவும் இயலும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மணிக்கட்டின் நிலை சீராகிறது என்பது அளவீடுகளில் தெளிவாகத் தெரிகிறது. வலி குறைகிறதா என்பதற்கான சான்று அவ்வளவு உறுதியானதன்று. கைத்தொல்லை உடைய 80 கணினிப் பயனர்களுக்கு வெவ்வேறு விசைப்பலகைகளைக் கொடுத்து 6 மாதங்கள் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 1999இல் வெளியானது. பிரிந்த அமைப்புடைய ஒரு வகையைப் பயன்படுத்தியோருக்கு வலி குறையும் போக்குக் காணப்பட்டது. ஆனால் மருத்துவப் பரிசோதனைக் குறிகளில் அதற்கு இணையான முன்னேற்றம் தென்படவில்லை. பயன் தெரியச் சில மாதங்கள் ஆயின என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே இது மருந்தன்று. கைக்கு ஏற்படும் சுமையைக் குறைக்கும் ஒரு கருவி. கார்ப்பல் டனல் நோய்க்கு வேறு காரணங்கள் பல உண்டு. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கருவுற்ற காலம், முடக்குவாதம், உடல் பருமன் ஆகியவை முதன்மையானவை. விசையுடன் இறுகப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும் அதிர்வும் தட்டச்சைவிட வலுவான காரணங்கள். பகலில் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் காலையில் பால் கறக்கிறார். விடுமுறை நாளில் மிளகு பறிக்கிறார். மாலையில் மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்குகிறார். 70 கொண்டை ஊசி வளைவுகளில் இருசக்கர வண்டியின் பிடியை இறுக்கி இறங்குகிறார். இவை அனைத்தும் அதே நரம்பின் கணக்கில்தான் சேர்கின்றன. விசைப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால், பயன் குறைவாகவே இருக்கும்.

வாங்குமுன் ஒரு சோதனை

இவ்வகை விசைப்பலகைகள் விலை மிகுந்தவை. எனவே முதலில் செலவில்லாத வழிகளைச் செய்து பாருங்கள். மடிக்கணினியைப் புத்தகங்களின்மேல் உயர்த்தி வைத்து, தனியான சாதாரண விசைப்பலகையை இணையுங்கள். பின்புறக் கால்களை மடக்குங்கள். தோள் தளர்ந்திருக்க, முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்க, மணிக்கட்டு நேராக இருக்கும்படி நாற்காலியின் உயரத்தை அமையுங்கள். சிலருக்கு இதுவே போதுமானதாகிவிடும்.

அடுத்து, எண்பலகை இல்லாத சிறிய விசைப்பலகைகள் இரண்டை இரவல் பெற்று, ஒரே கணினியில் இரண்டையும் செருகுங்கள். இடக்கை ஒன்றிலும் வலக்கை மற்றொன்றிலும் தட்டட்டும். விண்டோஸ் கணினியில் ஒன்றின் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு மற்றொன்றில் எழுத்தைத் தட்டினாலும் வேலை செய்யும். ஒரு வாரம் இவ்வாறு செய்து பார்த்தால், கைகளை அகற்றி வைப்பது உங்களுக்கு நலம் தருகிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தமிழில் தட்டச்சு செய்வோர் கவனிக்க வேண்டியவை

இவ்விசைப்பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலத் தட்டச்சை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. தமிழ் எழுதுவோருக்கு வேறு சில தேவைகள் உண்டு.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை அமைத்தார். அம்மரபில் வந்த தட்டச்சு முறையைக் கற்றோர் நம் அலுவலகங்களில் இன்றும் உள்ளனர். கணினிக்கென வந்தது தமிழ்99. சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு அவ்வமைப்பைத் தர அளவாக ஏற்றது. அதில் உயிரெழுத்துகளும் புள்ளியும் இடக்கையில். வ, ங தவிர்ந்த மெய்வரிசை எழுத்துகள் வலக்கையில். ஒரு கை மெய்யைத் தட்ட, மறு கை உயிரைத் தட்டும். எனவே இரு கைகளுக்கும் வேலை மாறி மாறி வருகிறது. இரண்டாகப் பிரிந்த பலகைக்கு இயல்பாகவே பொருந்தும் அமைப்பு இது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்99இல் ச, ஞ, ய, ழ ஆகிய நான்கும் வலப்புற ஓரத்தில், ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளும் உள்ள விசைகளில் அமைந்துள்ளன. சிறிய இரு பாதி விசைப்பலகைகளில் அவ்விசைகள் சில இல்லாமலோ, வேறொரு விசையை அழுத்திக்கொண்டு தட்டவேண்டிய மறை அடுக்கிலோ இருக்கும். 'சிகிச்சை' என்னும் சொல்லைத் தமிழ்99இல் எழுத 7 தட்டல்கள் போதும். அவற்றுள் 3 தட்டல்கள் ச விசையில் விழுகின்றன. அந்த விசை எளிதில் எட்டாத இடத்தில் இருந்தால், சுண்டுவிரலுக்குப் புதிய தொல்லையை விலைகொடுத்து வாங்கியவர்களாவோம். ஆகவே வாங்குமுன் இந்நான்கு எழுத்துகளுக்கும் தனி விசை உள்ளதா என்று எண்ணிப் பாருங்கள்.

எண் வரிசை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆதார் எண்ணில் 12 இலக்கம், கைப்பேசி எண்ணில் 10 இலக்கம் என நாள் முழுவதும் எண்களை உள்ளிடுவோருக்கு, எண் வரிசையில்லாத சிறிய வகை பொருந்தாது. தனி எண்பலகை ஒன்றை இடப்புறமோ நடுவிலோ வைத்துக்கொள்வது நல்லது. பழைய தட்டச்சு முறையைப் பின்பற்றுவோருக்கு ஷிப்ட் விசையின் பயன்பாடு மிகுதி. அதைக் கட்டைவிரலால் அழுத்தும்படி மாற்றிக்கொண்டால் சுண்டுவிரலின் சுமை குறையும்.

கணினி மாறும்போது எது உடன் வரும், எது வராது?

குழப்பங்களுள் பெரும்பாலானவை இதிலிருந்தே தோன்றுகின்றன. விசைப்பலகை 'அ' என்றோ 'க' என்றோ கணினிக்குச் சொல்வதில்லை. இந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்னும் குறியீட்டை மட்டும் அனுப்புகிறது. அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. இதிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படும்.

முதலாவது, நீங்கள் செய்யும் மாற்றங்கள் விசைப்பலகையின் சொந்த நினைவகத்தில் பதிவாகும் வகையையே தேர்ந்தெடுங்கள். அவ்வாறாயின் எந்தக் கணினியில் செருகினாலும் உங்கள் அமைப்பு உடன் வரும். கணினியில் நிறுவிய மென்பொருளால் மாற்றங்கள் நடைபெறும் வகையாயின், வேறு கணினிக்குச் சென்றதும் அவை மறைந்துவிடும். அலுவலகக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதியும் கிடைக்காமற்போகலாம்.

இரண்டாவது, தமிழ் அமைப்பு கணினியில்தான் இருக்கிறது. அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே தமிழ் முறையை நிறுவி, மொழி மாற்றும் குறுக்குவிசையையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தமிழ்99, மற்றொன்றில் ஒலிபெயர்ப்பு முறை என வைத்தால், கை கற்கவேண்டிய பாடம் இரட்டிப்பாகும்.

மூன்றாவது, ஆங்கில எழுத்துகளின் இடத்தை மாற்றும் டிவோராக், கோல்மாக் போன்ற அமைப்புகளை விசைப்பலகையின் நினைவகத்தில் பதித்துவிட்டால், கணினியிலுள்ள தமிழ்99 கலைந்துபோகும். தமிழ்99 வழக்கமான குவெர்ட்டி இடங்களை நம்பியே அமைந்தது. எழுத்து விசைகளை அப்படியே விட்டு, கட்டைவிரல் விசைகளையும் ஓரத்து விசைகளையும் மட்டும் மாற்றுவதே நம் வாசகர்களுக்கு ஏற்றது. சாதாரண விசைப்பலகைக்குத் திரும்பும்போதும் அது குழப்பம் தராது.

பழகும் முறை

பெரக்கரை நாட்டிலிருந்து செம்மேட்டிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு வேலைக்கு வரும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அலுவலகத்தில் பலர் பயன்படுத்தும் பொதுக் கணினி. வீட்டில் சொந்த மடிக்கணினி. அவருக்கு ஏற்ற ஒழுங்கு இது.

முதல் வாரம்: புதிய விசைப்பலகையை வீட்டில் மட்டும் பயன்படுத்த வேண்டும். நாள்தோறும் 15 முதல் 20 நிமிடங்கள் போதும். பாதிகளை ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளிக்குள் வைத்துத் தொடங்குங்கள். உட்புறத்தை உயர்த்த வேண்டா. வேகம் பாதியாகக் குறையும். இது எல்லோருக்கும் நேர்வதே. வேகத்தை மீட்க அழுத்தித் தட்டினால் வலி கூடும்.

இந்த வாரத்தில் ஒரு பழைய பழக்கம் வெளிப்படும். இடப்பாதிக்குரிய 'ங' விசையைச் சிலர் வலக்கையால் தட்டிப் பழகியிருப்பர். வலப்பாதிக்குரிய 'ள' விசையை இடக்கையால் தட்டுவோரும் உண்டு. பலகை பிரிந்துவிட்டதால் அக்கை வெற்றிடத்தில் தட்டும். 'சங்கு, பள்ளம், மஞ்சள், யாழ், மழை' போன்ற சொற்களை மெதுவாகத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுங்கள்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: வீட்டு வேலை முழுவதையும் அதில் செய்யலாம். இடைவெளியைச் சிறிது சிறிதாகத் தோளகலம் வரை கூட்டுங்கள். பிறகு உட்புறத்தைச் சற்று உயர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே. இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது நலம் தந்தது, எது வலி தந்தது என்பது விளங்காது.

நான்காம் வாரம் முதல்: விருப்பமும் அனுமதியும் இருந்தால் அலுவலகத்துக்கும் எடுத்துச் செல்லலாம். மாத இறுதிக் கணக்கு, தேர்வுப் பட்டியல் போன்ற நெருக்கடி நாள்களில் தொடங்க வேண்டா.

சாதாரண விசைப்பலகையை மறந்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். மிதிவண்டியும் இருசக்கர மோட்டார் வண்டியும் ஓட்டுபவர் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. வண்டியின் வடிவமே கைக்கு நினைவூட்டுகிறது. விசைப்பலகையிலும் அவ்வாறே. இரண்டும் கைக்கு வேறுவேறாகத் தோன்றினால் மூளை இரு பழக்கங்களையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும். முதல் சில வாரங்களில் தடுமாற்றம் இருக்கும். இரண்டையும் விடாது பயன்படுத்திவந்தால் அது குறையும். மாறும்பொழுது பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

1. உடனே வேலையில் இறங்காமல், ஒரு நிமிடம் ஏதேனும் இரண்டு வரிகளைத் தட்டுங்கள். எஃப், ஜே விசைகளிலுள்ள சிறு மேட்டைச் சுட்டுவிரல்களால் தொட்டுத் தொடங்குங்கள்.
2. கடவுச்சொல்லை உள்ளிடுமுன் மொழி ஆங்கிலத்தில் உள்ளதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை விரலின் பழக்கத்தால் மட்டுமன்றி எழுத்துகளாகவும் நினைவில் வைத்திருங்கள்.
3. பொதுக் கணினியில் சாதாரண விசைப்பலகையை அகற்றாமல் ஓரமாக வைத்துவிட்டு உங்களுடையதைச் செருகுங்கள். அடுத்து வருபவருக்கு இடையூறு இராது.
4. இரு பாதிகளை இணைக்கும் வடம் ஒலிவாங்கிச் செருகி போன்ற உருண்டை முனை உடையதாயின், கணினியுடன் இணைந்திருக்கும்போது அதைக் கழற்றவோ செருகவோ கூடாது, மின்சுற்று பழுதாகலாம்.
5. மழையிலும் பனிமூட்டத்திலும் ஈரம் படாதபடி உறையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

எதைப் பயன்படுத்தினாலும், 30 நிமிடங்களுக்கு ஒருமுறை கைகளை மடியில் தளரவிட்டு இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். மணிக்கட்டுத் திண்டு, தட்டாத நேரத்தில் ஓய்வுக்காக மட்டுமே; தட்டும்போது அதில் மணிக்கட்டை அழுத்தக் கூடாது. வலி மிகுந்த நாளில் கைப்பேசியின் தமிழ்க் குரல் உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள்.

குடும்பத்தினருக்கு

வலி உள்ளவரின் கைக்கு வீட்டிலும் ஓய்வு வேண்டும். கிழங்கு சீவுதல், துணி பிழிதல், நீர்க்குடம் தூக்குதல், ராகி அரைத்தல் போன்றவற்றைச் சில வாரங்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். மருத்துவர் இரவுப் பட்டை கொடுத்திருந்தால், மணிக்கட்டை நேராக வைத்து அதை அணிந்து உறங்குகிறாரா என்று பாருங்கள். பொதுவாக 6 வாரமேனும் அணிந்தால்தான் பயன் தெரியும். எந்த விரல் மரத்தது, எந்நேரத்தில், அன்று எவ்வேலை செய்தார் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். அடுத்த முறை வரும்போது மருத்துவருக்கு அது மிகவும் உதவும். பழகும் வாரங்களில் "முன்புபோல வேகமாக முடிக்கவில்லையே" என்று சொல்லாதிருப்பதும் ஓர் உதவியே.

மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்

விசைப்பலகையை மாற்றிப் பார்த்துக்கொண்டே காலம் கடத்தக் கூடாத நிலைகள் இவை:

• மரத்தல் விட்டுவிட்டு வராமல் எந்நேரமும் நீடித்தல்.
• கட்டைவிரலின் அடிச்சதை வற்றுதல். பொத்தான் இட முடியாமை. கையிலிருந்து பொருள் நழுவுதல்.
• கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி, நடையில் தடுமாற்றம்.
• நீரிழிவு உள்ளோருக்குக் கைகளுடன் பாதங்களும் மரத்தல்.
• மரத்த கையில் அல்லது உடலில் உணர்ச்சியற்ற, நிறம் வெளிறிய தேமல். இது தொழுநோயின் குறியாக இருக்கலாம். தொழுநோய் முற்றிலும் குணமாகக் கூடியது. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.
• திடீரென ஒரு பக்கக் கை தளர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல். இது பக்கவாதம், உடனே 108ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, ஒரு நிமிடமும் தாமதியாதீர்கள்.

நரம்பின் செயல்திறனை அளக்கும் எளிய பரிசோதனை உண்டு. தொடக்கத்தில் வந்தால் இரவுப் பட்டையும் வேலைமுறை மாற்றமும் பலருக்குப் போதும். தேவைப்படின் ஊசி மருந்தும், அதற்கும் அடங்காவிடில் சிறிய அறுவைச் சிகிச்சையும் உள்ளன. சதை வற்றிய பிறகு வந்தால், அறுவைக்குப் பின்னும் வலிமை முழுமையாக மீளாதிருக்கக்கூடும். கைக்குப் பொருந்தும் விசைப்பலகையைத் தேடுவதோடு, நரம்பின் நிலையை ஒருமுறை பரிசோதித்தறிவதையும் சேர்த்தே செய்யுங்கள். அடுத்த முறை வரும்போது நீங்கள் பயன்படுத்தும் விசைப்பலகையையும், நீங்கள் அமர்ந்து தட்டச்சு செய்யும் நிலையைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு புகைப்படத்தையும் கொண்டுவந்தால், உங்கள் கைக்கு ஏற்ற மாற்றங்களைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.